தாலாட்டுப் பதிவில் விழும் ‘டக்’ சத்தம்: பழுது மடிக்கணினியிலா, மைக்கிலா?

தாலாட்டுத்தேடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு இப்போது 79 வயது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் தம் பாட்டியிடம் கேட்டுக் கற்ற தாலாட்டுகளும் நடவுப் பாட்டுகளும் அவருக்கு ஏராளமாகத் தெரியும். அவற்றுக்கு எழுதி வைத்த தாள் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் அவர் நினைவில்தான் இருக்கின்றன. மூன்று மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையில் அவரைப் பாடச் சொல்லிப் பதிவு செய்து வருகிறேன்.

விண்டோஸ் 11 மடிக்கணினி, மைக்கின் ஒலியைக் கணினிக்குக் கொண்டுசேர்க்கும், இரண்டு மைக் இணைக்கக்கூடிய யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் ஆகியவற்றைப் பயன்படுத்துகிறேன். சாம்பிள் வீதம் 48,000 (அதாவது விநாடிக்கு அத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது), 24 பிட். கணினி ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் சாம்பிள்களின் எண்ணிக்கையான பஃபர் அளவு குறைவாக இருப்பதுதான் நல்லது என்று எங்கோ படித்ததால் அதை 128இல் வைத்திருக்கிறேன். இன்டர்ஃபேஸும், பதிவுகளைச் சேமிக்கும் வெளி வன்தட்டும் ஒரே யூஎஸ்பி ஹப்பில் செருகப்பட்டுள்ளன.

பதிவில் இரண்டு விதமான குறைகள் தெரிகின்றன. முதலாவது, நூல் அறுந்ததுபோன்ற ஒரு ‘டக்’. அம்மா ‘ஆராரோ’ என்று இழுக்கும்போது நடுவிலுள்ள ‘ரா’வில் ஒரு துளி காணாமல் போய்விடுகிறது. இரண்டாவது, சூடான எண்ணெயில் கடுகு பொரிவதுபோன்ற மெல்லிய படபடப்பு. இது எல்லா நாளும் வருவதில்லை. பாடும்போது அம்மா வரிகளைத் தம் போக்கில் மாற்றிக்கொள்வார் என்பதால், இன்னொரு முறை பாடுங்கள் என்று கேட்டால் வேறொரு பாட்டுதான் கிடைக்கும். எனவே அடுத்த ஞாயிறுக்குள் இதைச் சரிசெய்துவிட விரும்புகிறேன். புதிய மடிக்கணினி வாங்கினால்தான் தீருமா?

ஈசூன்_ஒலிப்பதிவு எழுதியது:

வணக்கம். தயவுசெய்து இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். நீங்கள் இரண்டு சத்தங்களையும் தனித்தனியாக விவரித்திருப்பது மிகவும் உதவியாக இருக்கிறது. அவற்றுக்கு ஒரே காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அமைப்புகளை மாற்றுவதற்கு முன்னர் இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள்.

‘டக்’ வரும் இடத்தை ரீப்பரில் நன்றாகப் பெரிதாக்கி, அந்தப் பகுதியை மூன்று முறை ஓடவிட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் சத்தம் வந்து, அலைக்கோடும் அங்கே செங்குத்தாகத் தாவியிருந்தால், குறை கோப்பிலேயே பதிந்துவிட்டது என்று பொருள். இடம் மாறி மாறி வந்தால் உங்கள் பதிவு நன்றாகவே இருக்கிறது; கணினி அதை ஒலிக்கச் செய்யும்போதுதான் தடுமாறுகிறது. அடுத்ததாக, ரீப்பரை மூடிவிட்டு, இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டர் பொத்தானை அழுத்தி, காதில் ஹெட்ஃபோனுடன் பத்து நிமிடம் மைக்கை மட்டும் கேளுங்கள். பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில் அப்போது மைக்கின் ஒலி கணினிக்குள் சென்று திரும்பாமல் நேராகக் காதுக்கு வந்துவிடும். ஆகவே அதில் கேட்கும் எந்தச் சத்தத்துக்கும் கணினியைக் குறை சொல்ல முடியாது.

பஃபரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குழாயடியில் வைத்த குடம் என்று அதை எண்ணிக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் ஒரே வேகத்தில் விழுந்துகொண்டிருக்கிறது. குடம் நிறைந்தவுடன் கணினி ஓடி வந்து அதை எடுத்துவிட்டு வெறுங்குடத்தை வைக்க வேண்டும். 48,000 வீதத்தில் 128 சாம்பிள் குடம் ஏறக்குறைய 2.7 மில்லிவிநாடியில் நிறைந்துவிடுகிறது, அதாவது விநாடிக்கு 375 முறை கணினி வந்தாக வேண்டும். ஒரு முறை அது வேறு வேலையில் சிக்கிக்கொண்டு தாமதித்தாலும் தண்ணீர் வழிந்து போகும், அப்படி வழிந்த தண்ணீர்தான் உங்கள் அம்மாவின் ‘ரா’. 1024 சாம்பிள் குடமென்றால் நிறைவதற்கு 21.3 மில்லிவிநாடி ஆகும். கணினிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

தேக்கா_மிருதங்கம் எழுதியது:

வணக்கம் அக்கா. குறைந்த பஃபர் நல்லது என்பது எல்லோருக்கும் பொருந்தாது. வாசிப்பவர் தம் ஒலியைக் கணினி வழியாகவே திரும்பக் கேட்டுக்கொண்டு வாசிக்கும்போதுதான் அது தேவைப்படுகிறது. மிருதங்கத்தில் நான் அப்படித்தான் பதிவு செய்கிறேன். ஒலி 20 மில்லிவிநாடி தாமதமாகக் காதுக்கு வந்தால் என் கை தாளத்தை விட்டு நழுவிவிடும். உங்கள் அம்மா ஹெட்ஃபோன் அணியாமல் பாடுகிறார் என்றால், தாமதம் எவ்வளவு இருந்தாலும் அவருக்குத் தெரியப் போவதில்லை. 1024 வைத்துக்கொள்வதால் நீங்கள் எதையும் இழக்க மாட்டீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும்: அந்த ‘டக்’ கடிகாரம் அடிப்பதுபோல் சம இடைவெளியில் வருகிறதா? வேறு யூஎஸ்பி மைக்கையோ மடிக்கணினியின் சொந்த மைக்கையோ இன்டர்ஃபேஸுடன் சேர்த்துப் பயன்படுத்தினால், இரண்டு கருவிகளின் உள் கடிகாரங்களும் ஒன்றோடொன்று இம்மியளவு வேறுபடும். பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தாலே விநாடிக்கு 2.4 சாம்பிள் விலகிப் போகும். 256 சாம்பிள் அளவு பஃபர் ஏறத்தாழ 107 விநாடியில் தீர்ந்து ஒரு ‘டக்’ விழும். பிறகு மீண்டும் அதே கணக்குத்தான்.

தாலாட்டுத்தேடி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு நீங்கள் சொன்னபடி சோதித்தேன். ‘டக்’ ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் கேட்கிறது. பெரிதாக்கிப் பார்த்தபோது அலைக்கோடு படிக்கட்டு விளிம்புபோல் வெட்டப்பட்டிருந்தது. இடைவெளி சீராக இல்லை; சில சமயம் நான்கு நிமிடம் ஒன்றுமே இல்லை, பிறகு அடுத்தடுத்து மூன்று. வேறு மைக் எதையும் நான் இணைக்கவில்லை. ரீப்பரை மூடிவிட்டு டைரக்ட் மானிட்டரில் கேட்டபோது ‘டக்’ வரவே இல்லை, ஆனால் கடுகு பொரியும் சத்தம் ஏழாவது நிமிடத்தில் தெளிவாகக் கேட்டது.

பிறகு பஃபரை 1024க்கு மாற்றி அரை மணி நேரம் நானே பேசிப் பதிவு செய்தேன். முன்பு அந்த நேரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வெட்டுகள் இருக்கும், இப்போது மூன்றுதான்.

ஈசூன்_ஒலிப்பதிவு எழுதியது:

நல்ல முன்னேற்றம். அப்படியானால் படபடப்புக்கும் கணினிக்கும் தொடர்பில்லை என்பது உறுதியாகிவிட்டது; அதை வேறு யாராவது விளக்குவார்கள் என்று விட்டுவிடுகிறேன். எஞ்சிய மூன்று வெட்டுகளுக்கு அந்த ஹப்பின் மீதுதான் எனக்குச் சந்தேகம்.

யூஎஸ்பியில் வன்தட்டுக்குப் போகும் தரவும் ஒலித் தரவும் ஒரே விதமாகப் பயணிப்பதில்லை. வன்தட்டுக்குப் போகும் பொட்டலம் வழியில் கெட்டுப்போனால் மீண்டும் அனுப்பப்படும். அதனால்தான் கோப்புகள் பழுதின்றிச் சேர்கின்றன. ஒலிப் பொட்டலமோ குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டியது என்பதால் மறுமுறை அனுப்பும் ஏற்பாடே அதற்குக் கிடையாது, தவறினால் தவறியதுதான். போதாக்குறைக்கு, தனி மின்னிணைப்பு இல்லாத ஹப்பாக இருந்தால், மடிக்கணினியின் ஒரே துளையிலிருந்து கிடைக்கும் மின்சாரத்தை வன்தட்டும் இன்டர்ஃபேஸும் பங்குபோட்டுக்கொள்கின்றன. யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியர்தான் தரும். அதிலிருந்துதான் உங்கள் இன்டர்ஃபேஸ் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் ஃபேன்டம் பவரையும் உண்டாக்க வேண்டும். இன்டர்ஃபேஸை மடிக்கணினியில் நேராகச் செருகுங்கள். பதிவை மடிக்கணினியின் உள்தட்டிலேயே எழுதச் சொல்லிவிட்டு, அம்மா பாடி முடித்த பின்னர் வன்தட்டுக்கு நகலெடுங்கள். விண்டோஸ் மின் அமைப்புகளில் சும்மா இருக்கும் யூஎஸ்பி கருவியை உறங்க வைக்கும் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்ற வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

தேக்கா_மிருதங்கம் எழுதியது:

அக்கா, ஹப்பை நீக்கும்போதே லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளையும் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். கணினியின் எந்த டிரைவர் (ஒரு கருவியை இயக்கும் மென்பொருள்) எவ்வளவு நேரம் மற்ற வேலைகளைக் காக்க வைக்கிறது என்பதை அது மைக்ரோவிநாடிக் கணக்கில் காட்டும். சென்ற ஆண்டு என் மடிக்கணினியில் வைஃபை டிரைவர் அவ்வப்போது 4,000 மைக்ரோவிநாடிக்கும் மேலாகப் பிடித்து வைத்திருந்தது. ஈசூன் நண்பர் சொன்ன 128 சாம்பிள் குடம் 2,667 மைக்ரோவிநாடியில் நிறைந்துவிடும் அல்லவா? அந்த டிரைவர் வழிவிடுவதற்குள் ஒன்றரைக் குடம் தண்ணீர் வந்துவிடுகிறது. செயலி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் இது நேரும். டாஸ்க் மேனேஜரில் 8 விழுக்காட்டுப் பயன்பாடுதான் தெரிந்தது என்பதால் இரண்டு மாதம் காரணம் புரியாமல் அலைந்தேன். இப்போது வாசிக்க உட்காரும் முன்னர் வைஃபையை அணைத்துவிடுகிறேன். உங்களுக்கு 1024 இருப்பதால் 4,000 ஒரு பொருட்டில்லை. ஆயினும் அணைத்து வைப்பதில் நட்டமில்லை.

உலர்பெட்டி எழுதியது:

வணக்கம். கடுகு பொரியும் சத்தத்தைப் பற்றி நான் சொல்கிறேன். இது நம் ஊர் ஈரப்பதத்தின் வேலையாக இருக்கலாம். அந்த மைக்கை வாரம் முழுவதும் எங்கே வைத்திருக்கிறீர்கள்? பதிவு செய்யும் அறையில் குளிர்சாதனம் ஓடுகிறதா?

தாலாட்டுத்தேடி எழுதியது:

பம் ஷெல்டரில் (வீட்டுக்குள் இருக்கும் குண்டு தடுப்பு அறையில்), அரிசி மூட்டைக்குப் பக்கத்துத் தட்டில், அதன் அட்டைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். அறையில் குளிர்சாதனத்தை முதல் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அதன் இரைச்சல் பதியாமலிருக்க அணைத்துவிட்டு, புழுக்கத்துக்காகச் சன்னலைத் திறந்த பிறகே அம்மாவைப் பாடச் சொல்வேன்.

உலர்பெட்டி எழுதியது:

காரணம் அங்கேதான் இருக்கிறது. கண்டென்சர் மைக்கின் தலைப்பகுதியில் மிக மெல்லிய சவ்வு ஒன்று, ஒரு தகட்டிலிருந்து மயிரிழை இடைவெளியில் நிற்கிறது; அவ்விரண்டுக்கும் இடையே நிலைநிறுத்திய மின்னூட்டம் சிறிதும் கசியாமல் இருந்தால்தான் குரல் தூய்மையாக வரும். அங்கே ஈரம் படிந்தால் மின்னூட்டம் விட்டுவிட்டுக் கசியும். நீங்கள் கேட்கும் பொரிதல் அந்தக் கசிவுதான்.

சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மழையில்லாத பிற்பகலில்தான் 60 விழுக்காட்டளவுக்கு இறங்குகிறது. பம் ஷெல்டர் தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் கொண்டது, காற்றோட்டம் மிகக் குறைவு. அதோடு, குளிர்சாதனத்தில் ஒரு மணி நேரம் சில்லிட்டுப்போன மைக்கின் மீது சன்னல் வழியாக வெளிக்காற்று பட்டால், மூக்குக் கண்ணாடியில் பனி படர்வதுபோலவே அதன் உள்ளேயும் ஈரம் படர வாய்ப்புண்டு. ஏழாவது நிமிடத்தில் சத்தம் தொடங்கியதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று எண்ணுகிறேன்.

சவ்வைத் துணியால் துடைக்கவோ முடி உலர்த்தியால் சூடேற்றவோ வேண்டாம். அது மைக்கையே கெடுத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். பிறகு முடிந்தால், கேமரா வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் மின்சார உலர்பெட்டியில் ஈரப்பதத்தை 45 விழுக்காட்டளவில் அமைத்து வைத்துக்கொள்ளலாம். சிம் லிம் ஸ்குவேர் போன்ற மின்னணுக் கடைத்தொகுதிகளில் விசாரித்துப் பாருங்கள். யாரிடமாவது டைனமிக் மைக் கிடைத்தால் அதே அறையில், அதே நேரத்தில் அதையும் சோதியுங்கள். அதற்கு இந்த மின்னூட்டம் தேவையில்லாததால் பொரிதல் வராது. வந்தால் கம்பியைச் சந்தேகிக்க வேண்டும். ஃபேன்டம் பவரை அணைத்த பிறகே மைக்கைக் கழற்றுங்கள்.

தாலாட்டுத்தேடி எழுதியது:

ஞாயிற்றுக்கிழமைப் பதிவு முடிந்தது. ஹப் இல்லை, வைஃபை இல்லை, பஃபர் 1024. மைக் மூன்று நாள் டப்பாவில் இருந்தது. குளிர்சாதனத்தைப் போடாமல், பிற்பகல் மூன்று மணிக்கு மின்விசிறியை மட்டும் முன்கூட்டியே ஓடவிட்டு நிறுத்திக்கொண்டோம். 52 நிமிடப் பதிவை ஹெட்ஃபோனில் முழுவதும் கேட்டேன். ஒரு வெட்டுகூட இல்லை, பொரிதலும் இல்லை. அம்மா மூச்சை இழுக்கும் ஒலியும், மடியில் குழந்தை இருப்பதுபோல் அவர் தொடையைத் தட்டிக்கொள்ளும் ஒலியும் முதன்முறையாகத் தெளிவாகக் கேட்கின்றன. தம்பிக்கும் மற்ற இருவருக்கும் நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி மீதமிருக்கிறது. பழைய பதிவுகளில் வெட்டுப்பட்ட இடங்களை மீட்க முடியுமா? என் தங்கையைத் தொட்டிலில் இட்டுப் பாடிய பாட்டு அவற்றில்தான் இருக்கிறது; அம்மா அதை மறுபடியும் பாடவில்லை.

ஈசூன்_ஒலிப்பதிவு எழுதியது:

வழிந்த சாம்பிள்களைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அலைக்கோடு தாவும் இடத்தில் இரு முனைகளையும் சில மில்லிவிநாடிக்குக் கிராஸ்ஃபேட் செய்தால், அதாவது ஒன்று மெல்லத் தேய மற்றது மெல்ல எழும்படி இணைத்தால், ‘டக்’ மறைந்துவிடும். இழப்பு சிறியதென்பதால் கேட்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது. ‘ரா’ நன்றாகவே அறுந்திருந்தால், அதே பாட்டில் அவர் மீண்டும் ‘ஆராரோ’ என்று இழுக்கும் இடத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டலாம். சத்தம் நீக்கும் மென்பொருளைக் கோப்பு முழுவதும் ஓடவிட வேண்டாம். அது வல்லின எழுத்துகளின் கூர்மையையும் சேர்த்து மழுக்கிவிடும்.

தேக்கா_மிருதங்கம் எழுதியது:

துண்டு ஒட்டுவதில் மட்டும் நான் சற்று மாறுபடுகிறேன். குடும்பத்தார் கேட்பதற்கான நகலில் ஒட்டுங்கள், அக்கா. மூலக் கோப்பை வெட்டுகளோடு அப்படியே இரண்டு இடங்களில் பாதுகாத்து வையுங்கள். எந்த ‘ரா’ அம்மா அந்த வரியில் பாடியது, எது வேறு வரியிலிருந்து வந்தது என்பது பிற்காலத்தில் பாட்டை ஆராய்பவருக்குத் தேவைப்படும்.

தாலாட்டுத்தேடி எழுதியது:

அப்படியே செய்கிறேன், தம்பி. ஒட்டிய இடங்களின் நிமிடக் கணக்கையும் ஒரு குறிப்பாக எழுதி நகலுடன் வைத்துவிடுகிறேன்.