மேரி கொல்வின் ஆவணப்படம்: கண் போன கதையை எப்போது சொல்வது?

முத்தையன்கட்டு:
வருகிற ஞாயிறு எங்கள் சனசமூக நிலையத்தில் ‘அண்டர் த வயர்’ போட இருக்கிறோம். போர்ச் செய்தியாளர் மேரி கொல்வின் பற்றி 2018இல் வந்த படம். இங்கிலீசு விளங்காதவர்களுக்கு இடையிடையே நிறுத்தி நான் சொல்வேன். சிக்கல் வேறு. படம் சொல்வது 2012 பெப்ரவரியில் சிரியாவின் ஹோம்ஸில் நடந்ததை. அங்கேதான் அவர் செத்தார். எங்கள் சனத்துக்குத் தெரிந்ததோ அந்தக் கறுப்புக் கண்மறைப்பு மட்டும். வன்னிக்கு வந்து கண் போன கதையை முதலே சொன்னால், வன்னி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பிறகு சொல்லவா?

மல்லாவிக்காரன்:
முதலே சொல்லும் தம்பி. ஆனால் சரியாகச் சொல்லும். முகநூலில் சிலர் 2009இல் கண் போனதாக எழுதுகிறார்கள். அது 2001 ஏப்ரல். அப்போது வன்னிக்கு வரும் ஏ9 வீதி பூட்டு, வெளிநாட்டுச் செய்தியாளருக்கு இந்தப் பக்கம் வர அனுமதி இல்லை. களவாக வந்து, களவாகத் திரும்பும்போதுதான் இராணுவம் சுட்டது. சிதறல் பட்டு இடது கண் போனது. நாங்கள் அப்போது ஜாம் போத்தல் விளக்கில் இருந்தோம். ‘ஒரு வெள்ளைக்காரி வந்து போனாவாம்’ என்று கேள்விப்பட்டதோடு சரி, அவர் எழுதியதை எங்கே வாசித்தோம்! 2009 மே வேறு கதை: போர் முடியும் நேரம் சரணடைவது பற்றிப் புலிகளின் தலைவர்களான நடேசனும் புலித்தேவனும் தொலைபேசியில் தொடர்புகொண்டது இவருடன்.

தண்ணீரூற்று:
தம்பி, படத்தை முழுதாகப் பார்த்தீர்களா? நான் இயர்போன் போட்டுப் பார்த்தேன். ஹோம்ஸின் பாபா அம்ர் பகுதியில் எறிகணை விழத் தொடங்கியதும் கழற்றிவிட்டேன். உங்கள் பக்கம் கடைசிப் போரில் மாத்தளனிலிருந்து வந்த சனமும் இருக்குமே. கண் கதை கிடக்கட்டும். எறிகணைச் சத்தம் வரும், எழும்பிப் போக நினைப்பவர்கள் போகலாம் என்று முதலில் சொல்லுங்கள். கதவைப் பூட்ட வேண்டாம்.

முத்தையன்கட்டு:
அக்கா, உண்மையில் பாதிதான் பார்த்திருந்தேன். நேற்றிரவு மிச்சத்தையும் பார்த்தேன். அடுப்படியிலிருந்து அம்மா, “உது எங்க நடக்குது?” என்றார். சிரியாவில் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “சத்தத்தைக் குறை” என்றார்.

போடுவோம், ஆனால் இரவில் இல்லை, பின்னேரம் நாலு மணிக்கு. அண்ணை, நீங்களே வந்து அந்த 2001 கதையைச் சொன்னால் என்ன? அப்புறம், யாரிடமாவது நல்ல புரொஜெக்டர் இருக்கிறதா? நிலையத்தில் இருப்பது எல்லாரையும் செங்கமாரி பிடித்த மாதிரிக் காட்டுகிறது.