குளிரிலும் இளகியிருக்கும் வெண்ணெய் டோஸ்ட்டுக்கு ஏற்றதா?

கேள்வி:
குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடனேயே கத்திக்கு இணங்கும் வெண்ணெயை டோஸ்ட்டில் தடவிச் சாப்பிடுவது எனக்கு மிகவும் பிடிக்கும். சாதாரண வெண்ணெய் கல்லாக இறுகும் குளிரில் இது மட்டும் எவ்வாறு இளகியிருக்கிறது, இதனால் சுவையில் ஏதேனும் குறைகிறதா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
பால்கொழுப்பு என்பது வெவ்வேறு வெப்பநிலைகளில் உருகும் பல கொழுப்புகளின் கலவை. அவற்றில் பெரும்பகுதி 5 டிகிரி செல்சியஸ் அளவில் படிகமாகிவிடுவதால்தான் வெண்ணெய் இறுகுகிறது. எளிதில் தடவக்கூடிய வகைகள் பலவற்றில், குளிரிலும் திரவமாக இருக்கும் கனோலா போன்ற தாவர எண்ணெய் கலக்கப்படுகிறது. எண்ணெயே சேர்க்காமல், கடினமான கொழுப்பைப் பிரித்து நீக்கி, மென்மையான பகுதியை மட்டும் கொண்டு தயாரிப்பதும் உண்டு. உறையிலுள்ள மூலப்பொருள் பட்டியலைப் படித்தால் எந்த வகை என்பது தெரிந்துவிடும்.

மறுமொழி 2:
எண்ணெய் கலந்ததில் பால்மணம் சற்று மங்குகிறது என்பது என் கருத்து. உப்பிட்ட வகையை வாங்கினால் அந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. கொதிக்கும் சூட்டில் தடவினால் வெண்ணெய் உருகி ரொட்டிக்குள் இறங்கிவிடும். ஒரு நிமிடம் ஆறவிட்டுத் தடவினால், மொறுமொறுப்பு கெடாமல், மேலே ஏடாகத் தங்கி நாவில் உருகும். (ஓரம் வரை தடவாதவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.)

மறுமொழி 3:
சாதாரண வெண்ணெயையே மெல்லிய சீவல்களாக்கிச் சிறிது நேரம் வெளியே வைத்தால் போதுமே!