மறு: மறு: விட்டுவிட்டு வரும் கோளாறு – ஒரே சொல்லாக என்ன வைக்கலாம்?

அனுப்பியவர்: தொகுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். வண்டிகளின் மின்கோளாறு பற்றிய நம் கையேட்டில் 'intermittent fault' என்பதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற பேச்சின் தொடர்ச்சி இது. உங்களில் ஒருவர் எழுதியிருந்தார்:

> இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு? "இடைவிட்ட பழுது" என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

போகலாம்தான். ஆனால் இந்தக் கையேடு யார் கைக்குப் போகிறது என்று ஒருமுறை நினைத்துக்கொள்வோம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர்கள், வால்பாறைப் பக்கம் எஸ்டேட் வண்டி ஓட்டுகிறவர்கள். கொழுக்குமலை ஓட்டுநர் விடியுமுன் ஆளேற்றி, பாறையும் பள்ளமுமான தடத்தில் முதல் கியரிலேயே ஏறி, மேலே எஞ்சினை நிறுத்துகிறார். வெயில் வந்ததும் இறங்க வேண்டும். சாவியைத் திருப்புகிறார். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் எடுக்கிறது. ஊருக்கு இறங்கி எலெக்ட்ரீஷியனிடம் காட்டினால் பத்து முறையும் எடுக்கிறது. "வண்டி நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நாம் வைக்கும் சொல் இந்த நிலைமையைச் சொல்ல வேண்டும்.

'இடைவிட்ட' என்பதில் எனக்குள்ள சிக்கல் இதுதான். 'இடைவிடாத மழை' எல்லாருக்கும் தெரியும். அதைத் திருப்பிப் போட்டு 'இடைவிட்ட' என்றால், இறந்தகாலப் பெயரெச்சமாகிவிடுகிறது. மழை விட்டது, காய்ச்சல் விட்டது என்பதுபோல, பழுது விட்டுவிட்டது, இனி இல்லை என்றே காதில் விழும். வேறொருவர் தந்த 'தற்காலிகப் பழுது' இன்னும் மோசம். அதைப் படிக்கிற ஓட்டுநர் தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருப்பார்.

பட்டறையில் புழங்கும் சொல் 'லூஸ் கான்டாக்ட்'. அதையே வைத்துக்கொள்ளலாம் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். சொல் நல்ல சொல்தான், எல்லாருக்கும் புரியும். ஆனால் அது காரணத்தை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. வந்துவந்து போவதெல்லாம் தளர்ந்த இணைப்பால் வருவதில்லை. ஆற்றைக் கடந்தபோது கனெக்டருக்குள் தண்ணீர் ஏறிச் செம்பில் களிம்பு பிடித்திருக்கலாம். குலுங்கிக் குலுங்கி வயரின் உள்ளிழைகள் அறுந்து, மேலுறை மட்டும் முழுசாக இருக்கலாம். சாவியைத் திருப்பியதும் எஞ்சினைச் சுழற்றிவிடும் செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்தச் சுவிட்சான சொலினாய்டுக்குள் இருக்கும் செம்பு முகங்கள் கரிந்து, அவற்றை இணைக்கும் தட்டு ஒருமுறை நல்ல இடத்திலும் மறுமுறை கரிந்த இடத்திலும் போய் உட்காரலாம். இவற்றில் எதுவும் லூஸ் இல்லை. 'லூஸ் கான்டாக்ட்' என்று எழுதிவிட்டால் படிப்பவர் ஸ்பேனரை எடுத்து எல்லா நட்டையும் முறுக்குவார். டெர்மினல் முறுக்கும்போது கொஞ்சம் நகர்ந்ததாலேயே வண்டி எடுக்கும். சரியாகிவிட்டது என்று மறுபடி மேலே போவார்.

சூட்டையும் மறக்கக் கூடாது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடுகிறது. ஏற்றம் ஏறிய எஞ்சின் பக்கத்தில் சொலினாய்டுச் சுருள் 60 டிகிரி கூடுதலாகச் சூடானால், தடை 23 சதவீதம் வரை ஏறும். சுருளில் ஓடும் மின்னோட்டம் குறையும், இழுவிசையும் குறையும். காலையில் எடுத்த வண்டி மேலே போய் நின்றதும் எடுக்காததற்கும், ஆறியபின் எடுப்பதற்கும் இது ஒரு காரணம். இங்கே ஒரு கம்பிகூட அறுந்திருக்க வேண்டியதில்லை.

இனி என் முக்கியமான ஆட்சேபம். இத்தனை நாள் நாம் 'இடைவிட்ட', 'விட்டுவிட்டு', 'அவ்வப்போது' என்று முன்னொட்டைப் பற்றியே பேசுகிறோம். பின்னால் வரும் 'பழுது' என்பதை யாரும் தொடவில்லை. எனக்கு அதுதான் தவறாகப் படுகிறது.

எஞ்சினுக்கும் வண்டியின் இரும்புச் சட்டத்துக்கும் (சேஸிஸ்) நடுவே ஒரு பின்னல் பட்டை இருக்கும். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போக இந்தப் பட்டைதான் வழி. அது பாதிக்குமேல் அறுந்து, போல்ட் முனையில் துரு ஏறிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அறுவல் காலையிலும் இருக்கிறது, மாலையிலும் இருக்கிறது. பழுது எங்கேயும் போகவில்லை. வண்டி எடுக்காமல் போவதுதான் வருகிறது, போகிறது. ஆகவே வந்துபோவதற்கு ஒரு பெயரும், அங்கேயே கிடப்பதற்கு ஒரு பெயரும் வேண்டும்.

தமிழில் இந்த வேறுபாடு ஏற்கெனவே இருக்கிறது என்று நினைக்கிறேன். 'வண்டியில் ஏதோ கோளாறு' என்கிறோம். என்னவென்று தெரியாதபோது வரும் பேச்சு அது. ஆனால் செய்வது 'பழுதுபார்த்தல்'. கோளாறு பார்த்தல் என்று யாரும் சொல்வதில்லை. வெளியே தெரிவது கோளாறு, உள்ளே கெட்டிருப்பது பழுது. இந்தப் பிரிவைக் கையேடு முழுக்கக் கடைப்பிடித்தால், 'கோளாறு மறைந்தாலும் பழுது இருக்கும்' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அந்த வரியை எழுதிப் பாருங்கள்.

முன்னொட்டுக்கு வருகிறேன். மருத்துவத்தில் 'முறைக்காய்ச்சல்' என்று ஒரு பழைய சொல் உண்டு. விட்டுவிட்டு வரும் குளிர்காய்ச்சல். அதைப் பின்பற்றி 'முறைக்கோளாறு' என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் காய்ச்சல் நாள் கணக்குப்படி முறை வைத்து வரும். வண்டிக்கோளாறு அப்படிக் கணக்கு வைத்து வருவதில்லை. சூடு, குலுக்கல், ஈரம், சுமை என்று ஏதோ ஒன்று கூடும்போது வருகிறது. அதனால் 'முறை' வேண்டாம்.

என் முன்மொழிவு: 'விட்டுவரு கோளாறு'. 'வருபுனல்' போல வினைத்தொகை என்பதால் வந்தது, வருகிறது, வரும் மூன்றும் அடங்கும். ஒற்றும் மிகாது.

இன்னொன்றையும் இதோடு முடித்துவிடலாம். 'எர்த்' என்பதற்கு வரைவில் 'புவி இணைப்பு' என்று இருக்கிறது. நான்கு ரப்பர் டயரில் நிற்கிற வண்டிக்குப் புவியோடு என்ன இணைப்பு? 'மீள்வழி' என்று வைக்கலாம். போன மின்சாரம் திரும்பி வரும் வழி. இப்படிச் சொன்னால், பட்டை அறுந்த ஜீப்பில் ஆக்சிலரேட்டர் கேபிளும் கிளட்ச் கேபிளும் ஏன் சுடுகின்றன என்பதும் விளங்கிவிடும். நேர்வழி அடைபட்டால் மின்சாரம் கிடைத்த இரும்பு வழியாகத் திரும்பும்.

*

அனுப்பியவர்: போடி வயரிங்காரர்

சார், வணக்கம். நமக்கு எழுத்து அவ்வளவா வராது. ஃபோன்ல அடிக்கிறேன்.

கோளாறு வேற பழுது வேறங்கிறது ரொம்பச் சரி சார். கடைக்கு வர்றவங்க 'வண்டி கோளாறு பண்ணுது'ம்பாங்க. 'பழுது பண்ணுது'ன்னு ஒருத்தர் சொல்லிக் கேட்டதில்ல. ஆனா விட்டுவருங்கிறது வாயில நிக்கல. 'வந்து வந்து போகுது'ன்னுதான் நாங்க சொல்றது. 'வந்துபோற கோளாறு'ன்னே போட்டா என்ன?

அப்புறம் சத்தத்தப் பத்திக் கொஞ்சம் கூட எழுதுங்க. மூணு விதம் இருக்கு. சாவி போட்டா சத்தமே இல்லேன்னா சாவி சுவிட்சு, ரிலே, சொலினாய்டுக்குப் போற சின்ன வயரு, அந்தப் பக்கம் தேடணும். டகடகடகன்னு அடிச்சா பேட்டரி வீக்கு, இல்ல டெர்மினல்ல உப்பு பூத்திருக்கும், இல்ல எர்த்து. சொலினாய்டு இழுக்கும், உடனே வோல்ட் விழும், பிடி விட்டுரும். வோல்ட் ஏறுனதும் மறுபடி இழுக்கும். அதான் டகடக. கெட்டியா ஒரே ஒரு டிக்குன்னா சொலினாய்டு கான்டாக்ட், இல்ல செல்ஃப் மோட்டாருக்குள்ள உரசிக்கிட்டே கரண்டு கொடுக்குற கார்பன் துண்டு தேஞ்சிருக்கும். மோட்டார்ல ஸ்பேனரால லேசா ஒரு தட்டு தட்டி எடுத்துச்சுன்னா பெரும்பாலும் கார்பன்தான்.

வயர்ல கரண்டு வருதான்னு பாக்குற டெஸ்ட் லாம்ப் எரியுதுன்னு நம்பி ஏமாறாதீங்கன்னும் எழுதுங்க. ஒத்த இழை ஒட்டிக்கிட்டிருந்தாலும் லாம்பு எரியும், ஹெட்லைட்டும் பளிச்சுன்னு எரியும். செல்ஃப் அடிச்சாத்தான் குட்டு வெளிப்படும்.

கடைக்கு வந்தா கோளாறு வராதுன்னீங்க. நான் என்ன சொல்வேன்னா, நல்லா மேடேத்தி எங்கயும் நிறுத்தாம நேரா கடைக்குக் கொண்டாங்க. வந்து ஆஃப் பண்ணிட்டு உடனே அடிக்கக் கூடாது. எஞ்சின் நின்னதும் தண்ணியும் ஓடாது, காத்தும் வராது, சூடு அப்படியே உள்ள ஊறும். அது ஊறுனப்பறம் அடிச்சுப் பாத்தா, வராதுன்னு சொன்ன கோளாறு வந்து நிக்கும்.

*

அனுப்பியவர்: யாழ் வாசகர்

'மீள்வழி' என்பதை நான் ஏற்கவில்லை. எங்கள் பாடநூல்களில் 'புவித்தொடுப்பு' நிலைத்துவிட்டது. மாணவர் வீட்டு மின்சுற்றில் ஒரு சொல்லும் வாகனத்தில் இன்னொரு சொல்லும் படிக்க வேண்டுமா? கோளாறு, பழுது பிரிவில் எனக்கு மறுப்பில்லை. நாங்கள் 'வழு' என்றும் எழுதுவோம். ஆனால் அது பிழை என்ற பொருளுக்கும் போய்விடுவதால், இந்தக் கையேட்டில் தவிர்ப்பதே நல்லது.

*

அனுப்பியவர்: தொகுப்பாளர்

யாழ் நண்பருக்கு: வீட்டு மின்சுற்றில் 'புவித்தொடுப்பு' அப்படியே இருக்கட்டும். அங்கே உண்மையிலேயே மண்ணுக்குள் கம்பி இறங்குகிறது. அது பாதுகாப்புக்காக இருப்பது, பழுதில்லாத நேரத்தில் அதில் மின்னோட்டம் போவதில்லை. வண்டியில் நிலைமை நேர்மாறு. செல்ஃப் மோட்டார் இழுக்கும் அத்தனை ஆம்பியரும் அந்தப் பட்டை வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். வேலை வேறாக இருக்கும்போது பெயர் வேறாக இருப்பதில் குழப்பம் வராது, ஒன்றாக இருந்தால்தான் வரும். உள்ளே குறுக்குக் குறிப்பாக 'எர்த்', 'புவித்தொடுப்பு' இரண்டையும் தருகிறேன்.

போடி நண்பரே, 'வந்துபோகும் கோளாறு' நல்ல தமிழ். கையேட்டின் பேச்சுநடைப் பகுதிகள் எல்லாவற்றிலும் அதுவே வரும். தலைச்சொல்லாக மட்டும் 'விட்டுவரு' என்பதை வைத்துக்கொள்கிறேன். காரணம், விட்டுவரு சைகை, விட்டுவரு இணைப்பு, விட்டுவரல் என்று அது நீளும். சென்சாரைப் பற்றிய அத்தியாயத்தில் இவை எல்லாம் தேவைப்படும்.

டெஸ்ட் லாம்ப் பற்றி நீங்கள் சொன்னதற்கு ஒரு கணக்கு சேர்க்கிறேன். துருவேறிய ஒரு இணைப்பில் 0.01 ஓம் தடை இருக்கிறது என்போம். 60 வாட் தலைவிளக்கு இழுப்பது 5 ஆம்பியர், ஆகவே அந்த இடத்தில் 0.05 வோல்ட்தான் குறையும். கண்ணுக்கே தெரியாது. டீசல் எஞ்சினைச் சுழற்ற செல்ஃப் 250 ஆம்பியர் இழுத்தால் அதே இடத்தில் 2.5 வோல்ட் போய்விடும். சுழற்றும்போது பேட்டரியே 12.6-லிருந்து பத்தரைக்கு இறங்கியிருக்கும். மோட்டாருக்குக் கிடைப்பது எட்டு. மல்ட்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பினாலும் இது பிடிபடாது, மீட்டர் வயரின் தடையே இதைவிட அதிகம்.

அதனால் பதிவை இப்படி எழுதியிருக்கிறேன்:

விட்டுவரு கோளாறு: சூடு, குலுக்கல், ஈரம், சுமை போன்ற ஒரு நிலை கூடும்போது தோன்றி, அது நீங்கியதும் மறையும் கோளாறு. கோளாறு மறைந்தாலும் பழுது இருக்கும். தேடும்போது எந்த நிலையில் வந்ததோ அதே நிலையை உண்டாக்கிக்கொண்டு அளக்க வேண்டும். மீள்வழியைச் சோதிக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் தூணிலும் (கிளாம்பில் அல்ல), மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்து செல்ஃப் அடிக்கவும். 0.2, 0.3 வோல்ட் வரை பொறுக்கலாம். அரை வோல்ட்டைத் தாண்டினால் பட்டையையும் அதன் போல்ட்டுகளையும் கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்யவும். பிளஸ் பக்கத்துக்கும் இதே சோதனை: பேட்டரி பிளஸ் தூணிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை.

எஞ்சினை நிறுத்தியபின் உள்ளே ஏறும் சூட்டுக்கு வரைவில் இன்னும் சொல் இல்லை. போடிக்காரர் 'சூடு ஊறும்' என்று எழுதியதிலிருந்து 'ஊறுசூடு' என்று வைக்கிறேன். மறுப்பு உள்ளவர்கள் அதற்குப் புது இழை தொடங்குங்கள்.