மறு: 'கேரக்டர் ஸ்டடி' படத்துக்குத் தமிழ்ச்சொல்

வணக்கம்.

ஒருவரின் மனத்தையே மையமாக வைக்கும் 'கேரக்டர் ஸ்டடி' படத்துக்கு நீங்கள் சொன்ன 'பாத்திர ஆய்வு' எனக்கு ஒட்டவில்லை, ஆய்வேட்டு வாடை அடிக்கிறது. 'குணச்சித்திரம்' நல்ல சொல். ஆனால் நம் சினிமாவில் அதைத் துணை நடிகர்களுக்குக் கொடுத்துவிட்டோம். 'அகச்சித்திரம்' என்று வைக்கலாமே.

சொல்லைவிட விளக்கம்தான் எனக்கு உறுத்துகிறது. அதில் நீங்கள் எழுதியுள்ள "சித்திரக்கதைப் படங்கள் நீங்கலாக" என்ற வரி வேண்டாம் ஐயா. 2005இல் டேவிட் க்ரோனன்பெர்க் எடுத்த 'எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ்' ஒரு சித்திரக்கதை நாவலிலிருந்து வந்ததுதான். சிற்றூரில் உணவகம் நடத்தும் ஒருவனைப் பழைய வாழ்க்கை தேடி வருகிறது. யாராவது சொன்னால் ஒழிய அது சித்திரக்கதையிலிருந்து வந்தது என்று தெரியாது. ஆக, எங்கிருந்து வந்தது என்பதில் சிக்கல் இல்லை.

'ஜோக்கர்' (2019) வேறு மாதிரி. பேட்மேன் சித்திரக்கதைகளின் வில்லனான ஜோக்கராக ஆர்தர் என்பவன் மாறும் கதை. வெனிஸ் திரைப்பட விழாவில் உயரிய விருதான தங்கச் சிங்கம் வாங்கிய படம். நகரம் நிதியை வெட்டியதும் ஆலோசனையும் மருந்தும் நின்றுபோன ஆர்தர், வேண்டாத நேரத்தில் வரும் சிரிப்பை அடக்க முடியாமல் திணறும் ஆர்தர், அம்மாவைக் குளிப்பாட்டும் ஆர்தர்: இதெல்லாம் முழுக்க அகம். பணக்காரரான தாமஸ் வெய்ன்தான் தன் அப்பாவோ என்று அவன் தவிப்பதும் பொருந்துகிறது. அங்கே எந்தப் பணக்காரன் இருந்தாலும் அந்தத் தவிப்பு நிற்கும். ஆனால் கடைசியில் சந்துக்குள் வெய்ன் தம்பதியைச் சுடுகிறார்கள், முத்துமாலை அறுந்து சிதறுகிறது. ஆர்தர் அங்கே இல்லவே இல்லை. அந்தத் தம்பதியின் மகன்தான் பின்னாளில் பேட்மேன்; அது அவனுக்காக வைத்த காட்சி.

அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டக் கூடாது என்கிறது தொல்காப்பியம். சங்கப் பாட்டான நெடுநல்வாடை பிரிவைத்தான் பாடுகிறது. ஆனாலும் வேலில் கட்டிய வேம்பு, பாண்டியரின் அடையாளம் என்பதால், பாண்டியனைக் காட்டிக்கொடுக்கிறது; அதனால் அந்தப் பாட்டைப் புறம் என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். இந்தப் படத்தின் வேம்பு அந்த முத்துமாலை.

அதற்காக 'ஜோக்க'ரைத் தள்ளிவிட முடியாது. நெடுநல்வாடையை இன்றும் அகமாக ரசிப்பவர்கள் இருக்கிறார்களே. அப்புறம், 'ஜோக்கர்' என்ற பெயர் இல்லாமல் இவ்வளவு இருண்ட ஒரு படம் நூறு கோடி டாலர் வசூலைத் தாண்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

விளக்கத்தை இப்படி வைக்கலாமா: "அகச்சித்திரம்: ஒருவரின் மனம் போகும் வழியே கதையும் போகும் படம், மூலம் எதுவாயினும்." 'சித்திரம்' என்பது சித்திரக்கதையோடு குழம்பும் என்று தோன்றினால் சொல்லுங்கள்.