மேற்குச் சன்னலுக்குப் பூச்சுக் கண்ணாடி பொருத்தினால் அறை இருண்டுவிடுமா?

கேள்வி: மதுரையில் எங்கள் வீட்டுக் கூடத்தின் மேற்குச் சன்னல் வழியாகப் பிற்பகலில் விழும் வெயிலால் தரை ஓடு கால் வைக்க முடியாதபடி சுடுகிறது, திரையை இழுத்தாலோ பகலிலேயே விளக்கைப் போட வேண்டியிருக்கிறது. பூச்சுக் கண்ணாடி வெளிச்சத்தைக் குறைக்காமல் வெப்பத்தை மட்டும் குறைக்குமா?

மறுமொழி 1: சரியாகத் தேர்ந்தெடுத்தால் வெளிச்சம் ஓரளவு குறையும், வெப்பம் வெகுவாகக் குறையும். வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வருகிறது. பூச்சுக் கண்ணாடியின் மேல் நானோமீட்டர் கணக்கில், அதாவது மிக மிக மெல்லியதாகப் படியவைத்த வெள்ளிப் படலம் அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஒளியை உள்ளே விடுகிறது. தயவுசெய்து நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கருநிறக் கண்ணாடி வெளிச்சத்தை விழுங்கித் தானும் சூடேறி, அந்தச் சூட்டை அறைக்குள் விடும். ஒளி ஊடுருவல் (வெளிச்சத்தில் எவ்வளவு பங்கு உள்ளே வருகிறது), வெப்பம் புகும் அளவு (வெயிலின் வெப்பத்தில் எவ்வளவு பங்கு உள்ளே வருகிறது) ஆகிய இரண்டு எண்களையும் கேளுங்கள். சாதாரணக் கண்ணாடியில் இரண்டும் 0.8க்கு மேல் இருக்கும். உங்களுக்கு முதல் எண் 0.5 அளவிலும் இரண்டாவது 0.3 அருகிலும் இருப்பது நல்லது.

மறுமொழி 2: ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. வெள்ளிப் பூச்சு காற்றும் ஈரமும் பட்டால் கெட்டுவிடும் என்பதால், இரட்டைக் கண்ணாடியின் இடைவெளிக்குள் பூச்சுப் பக்கம் இருக்கும்படி அமைக்க வேண்டும். மாலை வெயில் தாழ்ந்து வருவதால், வெளியே ஒரு மூங்கில் தட்டியையும் முதலில் கட்டிப் பாருங்கள்.