எஞ்சினை இறக்கலாமா, வேண்டாமா? அப்பாவின் 1979 டாடா வீட்டுவண்டி (இணைய மன்ற விவாதம்; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

பாலக்கோட்டான்

வணக்கம். அப்பா முதலில் லாரி ஓட்டினார், பிறகு சொந்தமாக இரண்டு லாரி வைத்திருந்தார். 1979-இல் புது டாடா 1210 லாரி சேஸ் (எஞ்சினோடு கூடிய அடிச்சட்டம்) ஒன்றை வாங்கி, கரூரில் கொடுத்து அதன்மேல் வீடு மாதிரி பாடி கட்டினார். ஆறு பேர் படுக்கப் பலகை, சமையல் மேடை, கூரைமேல் தகரத் தண்ணீர்த் தொட்டி. எங்கள் ஊரில் அதற்கு வீட்டுவண்டி என்றுதான் பெயர். காசிக்கு இரண்டு முறை போய்வந்தோம். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து எஞ்சின் பெட்டிமேல் போர்வை விரித்துத்தான் நான் தூங்குவேன்.

அப்பா இறந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அன்றிலிருந்து வண்டி புளியமரத்தடியில் நிற்கிறது. எஞ்சின் சுற்றவில்லை, கம்பி போட்டுத் தள்ளினாலும் அசையவில்லை. பாடி மட்டும் ஆச்சரியமாக நன்றாக இருக்கிறது. காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. அங்கே நிறுத்தித் தங்கும் அறையாக்கலாம் என்று ஆசை. எஞ்சின், கியர்பாக்ஸ், அங்கிருந்து பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொபல்லர் ஷாப்ட், பின் ஹௌசிங்கில் உள்ள கிரௌன் பினியன் பல்சக்கரங்கள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டால் எடை குறையும், முன்பக்கம் குளியலறைக்கு இடம் வரும். பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்கிறார். அண்ணன் இறக்கிவிடு என்கிறான். அம்மா ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தொப்பூர் இறக்கம்

தம்பி, இறக்க வேண்டாம். முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டியவன் சொல்கிறேன். உங்கள் வண்டியில் இருப்பது 692 எஞ்சினாக இருக்கும். ஆறு சிலிண்டர், சிலிண்டரின் உள்விட்டம் (போர்) 92 மில்லிமீட்டர், அதனால்தான் அந்த எண். 4788 சிசி. டாடாவும் பென்ஸும் 1954-இலிருந்து 1969 வரை கூட்டாக வண்டி செய்த காலத்தில் வேர்விட்ட வம்சம் அது. கூட்டு முடிந்து பல வருடம் கழித்தும் எங்கள் வாயில் அது டாடா பென்ஸ்தான்.

சுற்றவில்லை என்றால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் லைனரும் துருவில் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஆறையும் கழற்றுங்கள். டீசலும் ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) சரிபாதி கலந்து ஒவ்வொரு ஓட்டையிலும் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். தினமும் காலையில் கொஞ்சம் ஊற்றுங்கள். அப்புறம் முன்புல்லி நட்டில் நீளமான கம்பி போட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஒரு விரற்கடை நகர்ந்தால் போதும், மீதியும் வந்துவிடும். ஸ்டார்ட்டர் போட்டுவிடாதீர்கள். சிலிண்டருக்குள் மழைத்தண்ணீர் நின்றிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

செயின்பிளாக்

பெரியவர் சொன்ன முறை சரி, நானும் அப்படி விடுவித்திருக்கிறேன். ஆனால் தம்பி கேட்டது வேறு. எஞ்சின் சுற்றிய பிறகு என்ன செய்யப்போகிறார்? டீசல் பம்ப் கழற்றி வேலை பார்க்க வேண்டும். பிரேக் சிலிண்டர் எல்லாம் பிடித்திருக்கும். ஆறு டயர், ஒரு ஸ்டெப்னி. ஒயரிங்கை எலி தின்றிருக்கும். அத்தனைக்கும் செலவு செய்தாலும் வண்டி நிற்கப்போவது மாமரத்தடியில்.

கிருஷ்ணகிரியில் நான் பட்டறை வைத்திருந்தபோது, பழைய கண் சிகிச்சை முகாம் வண்டி ஒன்றை நிரந்தர அறையாக மாற்றினோம். உரிமையாளர் எஞ்சினை விட்டுவைக்கச் சொன்னார். இரண்டு வருடத்தில் எஞ்சினடி ஆயில் தொட்டியான சம்ப்பின் பேக்கிங் காய்ந்து கறுப்பு ஆயில் சொட்ட ஆரம்பித்தது. தொட்டியில் மிச்சமிருந்த டீசல் பிசினாகிவிட்டது, உள்ளே படுத்தவர்களுக்குத் தலைவலி. கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹௌசிங்குக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது, ஏர் கிளீனருக்குள் எலிக்குட்டி. கடைசியில் அதையும் இறக்கத்தான் வேண்டியிருந்தது, மூடிய அறைக்குள் இரண்டு மடங்கு சிரமத்தோடு.

இறக்குவதென்றால் முறையாக இறக்குங்கள். முதலில் கூலன்ட், எஞ்சின் ஆயில், கியர் ஆயில் வடிக்க வேண்டும். தோப்பு மண்ணில் ஒரு சொட்டு விழக்கூடாது. அடுத்து ஷாப்ட், பிறகு கியர்பாக்ஸ், கடைசியில் முன்கிரில்லும் ரேடியேட்டரும் எடுத்து எஞ்சினை முன்வழியாக இழுக்க வேண்டும். கியர்பாக்ஸைப் பின்னால் இழுக்கும்போது அதன் எடை கிளட்ச் பிளேட்டில் தொங்கவே கூடாது. கீழே ஜாக்கியும் கட்டையும் கொடுத்து, இன்புட் ஷாப்ட் பிளேட்டின் பல்லை விட்டு முழுதாக வெளியே வரும்வரை மட்டமாகவே வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் பிளேட்டின் நடு வளைந்துவிடும். அந்தக் காலத்து கிளட்ச் பிளேட்டிலும் பிரேக் லைனிங்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். எங்கள் தலைமுறை ஊதித்தான் வேலை செய்தது. அதில் இருமிக்கொண்டே போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஓசூர் ஷிப்ட்

யாரும் ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) பற்றிப் பேசவில்லையே. ஆர்.சி.யில் சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் இரண்டும் இருக்கும். எஞ்சினை எடுத்துவிட்டால் புத்தகத்தில் இருப்பது ஒன்று, வண்டியில் இருப்பது ஒன்று என்றாகிவிடும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 அதைத்தான் தடுக்கிறது. வண்டி இனி ஓடவே ஓடாது என்று ஆக்கிவிட்டால் பிரிவு 55 வரும். 14 நாளுக்குள், அல்லது முடிந்தவரை சீக்கிரம், பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். தோப்பு இருப்பது கிருஷ்ணகிரி மாவட்டம் என்று அங்கே போய் நிற்காதீர்கள். இந்த வண்டி பதிவானபோது கிருஷ்ணகிரி தனி மாவட்டமே கிடையாது, 2004-இல்தான் பிரிந்தது. வண்டியும் நீங்களும் இன்று இருப்பது பாலக்கோட்டில் என்றால் தர்மபுரி அலுவலகம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021-இல் பழம்பெரும் வண்டிகளுக்கென்று மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய சொந்த உபயோக வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி எண் தருகிறார்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் சேஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. உங்கள் வண்டிக்கு 2029-இல் 50 ஆகிறது. இத்தனை வருடம் காத்திருந்த வண்டியை இப்போது எடைக்குப் போட்டுவிட்டால் அந்தக் கதவு உங்களுக்கு மூடிவிடும். தயவுசெய்து யோசியுங்கள்.

செயின்பிளாக்

அந்த விதியை நானும் படித்தேன். இரு சக்கரம், நான்கு சக்கரம் என்றுதான் இருக்கிறது. 1210-க்குப் பின்னால் இரட்டை டயர், மொத்தம் ஆறு. பதிவு கிடைத்தாலும் கண்காட்சிக்கும் பேரணிக்கும் எரிபொருள் போடவும் பழுது பார்க்கவும்தான் ரோட்டில் எடுக்கலாம், குடும்பத்தோடு காசிக்குப் போக முடியாது. கிடைக்காத பதிவு எண்ணை நம்பித் தம்பி இத்தனை வருடம் ஆயில் நாற்றம் பிடித்த எஞ்சினோடு குடியிருக்க வேண்டுமா?

ஓசூர் ஷிப்ட்

ஆறு டயர் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், அதை நான் யோசிக்கவில்லை. பிரிவு 55 பற்றிச் சொன்னது மாறாது. எஞ்சினை எடுத்த பிறகு டிராக்டரில் கட்டி இழுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரோட்டில் இழுபடும் டிரெய்லருக்கும் தனிப்பதிவு வேண்டும்.

பர்கூர் மாந்தோப்பு

நான் இதைச் செய்தவள், அதனால் சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் ஏலத்தில் ஒரு பழைய பஸ் எடுத்தோம். எஞ்சினிலிருந்து கிரௌன் வரை எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்கி விற்றோம். இன்று அதில் இரண்டு அறை, ஒரு சின்னச் சமையல்கட்டு. பெங்களூரா மாங்காய் சீசனில் வியாபாரிகள் வந்து தங்குவது அதில்தான். சித்திரை வெயிலில் கீழே எண்ணெய் நாற்றம் இல்லாமல் படுக்க முடிகிறது, அது பெரிய விஷயம். செயின்பிளாக் அண்ணா சொல்வதில் அந்தப் பாதி உண்மை.

மற்றப் பாதியையும் கேளுங்கள். எஞ்சினை எடுத்த மறுநாள் காலை முன்கதவு மூடவில்லை. முன்பக்க ஸ்பிரிங் பட்டைகள் அந்த எடைக்கென்றே செய்தவை. எடை போனதும் மூக்கைத் தூக்கிக்கொண்டது. சிங்க்கில் ஊற்றிய தண்ணீர் எல்லாம் பின்பக்கம் ஓடியது. அப்புறம் எஞ்சின் இருந்த இடத்தில் 500 லிட்டர் தொட்டி வைத்தோம். நிரம்பியிருக்கும்போது அது 500 கிலோ, வண்டி மட்டமாக நின்றது. பம்ப் ஓடாத நாளில் தண்ணீர் இறங்க இறங்கக் கதவு மறுபடி பிடிக்கும். கடைசியில் பட்டையில் மூன்றைக் கழற்றி, சேஸுக்குக் கீழே நான்கு மூலையிலும் கல்தூண் கொடுத்த பிறகுதான் நின்றது.

அடுத்த வருடம் போர்வெல் போடுவதற்காக வண்டியை இருபதடி நகர்த்த வேண்டியிருந்தது. பக்கத்துத் தோட்டத்து டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்தோம். லேசான சரிவுதான். பிரேக் இல்லை. சங்கிலி தளர்ந்தது, பஸ் தானாக உருண்டது. வாய்க்காலில் முன்சக்கரம் இறங்கி வரப்பில் முட்டி நின்றது. என் மகன் அந்தப் பக்கம் கல் வைக்கத்தான் குனிந்துகொண்டிருந்தான். அதற்குமேல் எழுத எனக்கு மனசு வரவில்லை. தம்பி, இறக்கினாலும் இறக்காவிட்டாலும், வண்டியை நிறுத்தும் இடத்தில் நிறுத்திய பிறகு முடிவெடுங்கள்.

தொப்பூர் இறக்கம்

பர்கூர் அம்மா சொன்னதைப் படித்து மேலெல்லாம் நடுங்கிவிட்டது. பிரேக்குக்கு உதவுகிற காற்றோ வெற்றிடமோ, எதுவானாலும் எஞ்சின் ஓடினால்தான் உண்டாகும். எஞ்சின் நின்ற வண்டியில் மிதியை இரண்டு காலால் மிதித்தாலும் பாதிதான் பிடிக்கும். தொப்பூர் கணவாயில் எஞ்சினை அணைத்துவிட்டு டீசல் மிச்சம் பிடிக்க நினைத்தவர்களின் வண்டிகளைக் கீழே பார்த்தவன் நான். சில பழைய வண்டிகளில் கைப்பிரேக் சக்கரத்தில் இருக்காது, கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒரு டிரம்மில் இருக்கும். அப்படிப்பட்டதில் ஷாப்டைக் கழற்றிய நிமிடமே கைப்பிரேக் போய்விட்டது என்று பொருள். கழற்றும் முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை.

தோப்புக்கு லோபெட் (தாழ்தள) டிரெய்லரில் ஏற்றிப் போங்கள். கட்டி இழுத்தே ஆக வேண்டும் என்றால் ஷாப்டை எடுத்துவிடுங்கள். பின்சக்கரம் சுற்றினால் கியர்பாக்ஸின் மெயின்ஷாப்ட் சுற்றும், எஞ்சின் நின்றிருப்பதால் கீழே ஆயிலில் கிடக்கும் லேஷாப்ட் சுற்றாது, ஆயில் மேலே ஏறாது. இருபது கிலோமீட்டரில் புஷ்ஷும் பேரிங்கும் காய்ந்து போகும்.

செயின்பிளாக்

ஷாப்ட் கழற்றுவதில் எனக்கும் பெரியவருக்கும் சண்டை இல்லை. எப்படியும் முதல் வேலை அதுதான்.

ஓசூர் ஷிப்ட்

இதைப் படிக்கும்போது ஒன்று தோன்றுகிறது. அமெரிக்காவில் 1973 முதல் 1978 வரை ஜிஎம்சி ஒரு மோட்டார்ஹோம் செய்தது. முதலில் வந்தது 7.5 லிட்டர் வி8 எஞ்சின். எஞ்சின், கியர்பாக்ஸ், முன்சக்கர டிரைவ் மூன்றும் முன்னாலேயே ஒரு மூட்டையாக இருக்கும். தரைக்குக் கீழே ஷாப்ட்டே கிடையாது, அதனால்தான் அதன் தளம் அவ்வளவு தாழ்வு. அந்த வண்டியில் கைவைத்தால் மூட்டையாகத்தான் வெளியே வரும். நம் 1210 அப்படி இல்லை. முன்னால் எஞ்சின், நடுவில் ஷாப்ட், பின்னால் கிரௌன் என்று சேஸ் நீளத்துக்குப் பரவிக் கிடக்கிறது. ஒவ்வொன்றாக எடுக்கலாம், எந்த இடத்திலும் நிறுத்தலாம். பாலக்கோட்டான் எல்லாவற்றையும் ஒரே கேள்வியாகக் கேட்டதுதான் தவறு என்று நினைக்கிறேன். கிரௌனை ஏன் எடுக்க வேண்டும்? அதை எடுத்து ஒரு அடி இடம்கூட வரப்போவதில்லை. ஹௌசிங்குக்குள் ஆயிலில் பத்திரமாகக் கிடக்கிறது.

செயின்பிளாக்

கிரௌனை விட்டுவிடுங்கள், ஒத்துக்கொள்கிறேன். எஞ்சினை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பாலக்கோட்டான்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஷாப்டை மட்டும் கழற்றினோம். கட்டை கொடுத்துவிட்டுத்தான். பிளேஞ்ச் போல்ட் எட்டில் ஆறு வந்தது, இரண்டை அறுத்தோம். ஷாப்டின் இரண்டு பாகமும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் ஸ்லிப் ஜாயின்டில் கெட்டியான கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தபோது, இரண்டு பக்கமும் நேருக்கு நேராக உளியால் வெட்டிய சின்னக் கோடு தெரிந்தது. பக்கத்தில் முருகன் வேல் மாதிரி ஒரு கீறல். அப்பா எல்லா வண்டியிலும் அப்படித்தான் அடையாளம் வைப்பார், திரும்ப மாட்டும்போது அதே பல்லில் போக வேண்டும் என்று. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள். "அவரு வெட்டினதுதான்" என்றாள். இந்த விஷயத்தில் இவ்வளவு நாளில் அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

இரும்புக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்ஜெக்டரைக் கழற்றி டீசலும் ஏடிஎஃபும் ஊற்றத் தொடங்கியாயிற்று. லோபெட் பேசியிருக்கிறேன். குளியலறையை வண்டிக்கு வெளியே கட்டிக்கொள்கிறோம்.

செயின்பிளாக்

உங்கள் முடிவு, நான் மதிக்கிறேன். ஆனால் இன்றே சம்ப் ஆயிலையும் டேங்க் டீசலையும் வடித்துவிடுங்கள். எஞ்சினுக்குக் கீழே தகரத் தட்டு ஒன்று வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள். அப்போது மறுபடி பேசுவோம், எஞ்சினைத் தூக்கும் செயின் பிளாக்கை நானே கொண்டுவருகிறேன்.

தொப்பூர் இறக்கம்

ஷாப்டைத் தரையில் போட்டு வைக்காதீர்கள் தம்பி, யாராவது மிதித்து டியூப் வளையும். கிரீஸ் தடவி, ஸ்லிப் ஜாயின்டில் சாக்கு சுற்றி, கொட்டகை விட்டத்தில் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். உளிக்கோடு இரண்டும் பிரியாமல் ஒரு கம்பியால் கட்டிவிடுங்கள்.