"2000 வரை டாக்டிக்ஸ் புத்தகம் மட்டும் போதும்" என்று சொன்னவருக்கு

யானைமுனை:
நேற்று புதுச்சிப்பாய் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். விதிகள் தெரியும், ஆறு மாதமாக ஆடுகிறேன், முதலில் எந்த செஸ் புத்தகம் வாங்கலாம் என்று. அதற்குக் குதிரைப்பாய்ச்சல் சொன்ன பதில் இது: "ரேட்டிங் 2000 தொடும் வரை டாக்டிக்ஸ் புத்தகத்தைத் தவிர எதையும் தொடாதே. என்ட்கேம் எல்லாம் கிராண்ட்மாஸ்டர்களுக்கு." (புதியவர்களுக்காக: ரேட்டிங் என்பது ஆட்டத் திறனைக் காட்டும் எண். டாக்டிக்ஸ் என்பது காய் பறிக்கவோ மேட் போடவோ உதவும் குறுகிய தந்திரங்கள். என்ட்கேம் என்பது காய்கள் குறைந்த கடைசிக் கட்டம்.)

இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் ஜெயிக்கத் தெரியாமல் டிராவுக்குக் கை கொடுத்துவிட்டு எழுந்து போகிறவர்களை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். கப்பாபிளாங்கா 1921இல் எழுதிய 'செஸ் ஃபண்டமெண்டல்ஸ்' எதில் தொடங்குகிறது? யானையையும் ராஜாவையும் வைத்து மேட் போடுவதில். அடுத்தது சிப்பாயை ராணியாக்குவது. அதே ஆண்டில்தான் அவர் லாஸ்கரைத் தோற்கடித்து உலக சாம்பியன் ஆனார். அவருக்குத் தெரியாதது இவருக்குத் தெரிந்துவிட்டதா? 2000 என்ற எண் எங்கிருந்து வந்தது?

குதிரைப்பாய்ச்சல்:
என் பெயரைப் போட்டுத் தனித் திரியே தொடங்கிவிட்டீர்கள். சந்தோஷம். சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். 2000க்குக் கீழே ஆட்டம் எப்படி முடிகிறது என்று உட்கார்ந்து பாருங்கள். குதிரை ஒரே நேரத்தில் இரண்டு காய்களைத் தாக்கும் ஃபோர்க்கில் ராணி போகும். கடைசி வரிசையில் ராஜா அடைபட்டு மேட் விழும். காவலில்லாத மந்திரியை எதிராளி சும்மா எடுத்துப் போவார். நீங்கள் கொண்டாடும் யானை என்ட்கேம் பலகைக்கு வருவதற்குள் ஒருவர் ராஜினாமா செய்திருப்பார். வராத விருந்தாளிக்கு இலை போடுவானேன்?

லாஸ்லோ போல்கர் தொகுத்த புத்தகம் ஒன்று போதும். மொத்தம் 5334 கணக்குகள். ஒரே நகர்வில் மேட் 306, இரண்டு நகர்வில் மேட் 3412. அதை முடித்துவிட்டு என்னோடு பேச வாருங்கள்.

யானைமுனை:
அந்தப் புத்தகம் என் அலமாரியிலும் இருக்கிறது. அதில் 144 எளிய என்ட்கேம்கள் தனிப் பகுதியாக இருக்கின்றனவே, அந்தப் பக்கம் புரட்டவில்லையா? டாக்டிக்ஸ் மட்டும் போதும் என்றால் போல்கர் எதற்காக அவற்றைச் சேர்த்தார்?

குதிரைப்பாய்ச்சல்:
5334இல் 144. நூற்றுக்கு மூன்றுகூட வரவில்லை. கணக்கை நீங்களே எனக்காகப் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள்.

வெள்ளைக்கட்டம்:
ஐயா, இரண்டு பேரும் ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளை, சுத்தமாக மறந்துவிட்டீர்கள். பத்தாவது நகர்வுக்குள் நிலைமை நாறிவிட்டால் டாக்டிக்ஸும் உதவாது, என்ட்கேமும் உதவாது. 2000ஆம் ஆண்டு லண்டனில் கிராம்னிக் காஸ்பரோவிடமிருந்து உலக சாம்பியன் பட்டத்தைப் பறித்தது எதனால்? பெர்லின் டிஃபென்ஸ் என்ற ஓப்பனிங். காஸ்பரோவால் அந்தப் போட்டி முழுவதிலும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க முடியவில்லை. அது முழுக்க ஓப்பனிங் தயாரிப்பு.

யானைமுனை:
தம்பி, நல்ல உதாரணம்தான் சொன்னீர்கள், ஆனால் என் பக்கத்துக்கு. அந்த பெர்லினில் எட்டாவது நகர்வில் ராணிகள் வெட்டுப்பட்டுப் போய்விடும். கறுப்பு ராஜா காஸ்லிங்கே (யானையோடு சேர்ந்து ஓரத்துக்கு ஒதுங்கும் நகர்வு) செய்யாமல் நடுவில் நிற்கும். கறுப்புக்கு இரட்டைச் சிப்பாய், கைமாறாக இரண்டு மந்திரிகள். அதற்குப் பிறகு நடப்பதற்கு என்ன பெயர்? என்ட்கேம். நாற்பது நகர்வு என்ட்கேம் ஆடத் தெரியாதவன் அந்த ஓப்பனிங்கை மனப்பாடம் செய்து என்ன பயன்?

வெள்ளைக்கட்டம்:
அந்த நிலைக்கு வந்து சேர எட்டு நகர்வு தெரிய வேண்டுமே. அது ஓப்பனிங் புத்தகத்தில்தானே இருக்கிறது?

யானைமுனை:
எட்டு நகர்வை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிடலாம். அதற்கு முந்நூறு பக்கம் எதற்கு?

பழையபலகை:
ஒரே ஒரு சந்தேகம். நீங்கள் எல்லாரும் 2000, 2000 என்கிறீர்களே, எந்த 2000? ஃபீடே என்ற உலக செஸ் கூட்டமைப்பின் ரேட்டிங்கா, அமெரிக்கக் கூட்டமைப்பு ரேட்டிங்கா, இணையத்தில் மூன்று நிமிட ஆட்டம் ஆடி வாங்கும் ரேட்டிங்கா? மூன்றும் வேறு வேறு. சில்மன் 2007இல் எழுதிய என்ட்கேம் பாடப் புத்தகத்தை ரேட்டிங் வாரியாகப் பிரித்திருக்கிறார். உன் நிலைக்குரிய அத்தியாயம் வரை படி, அத்தோடு நிறுத்து என்பதுதான் அதன் அமைப்பே. 'தொடக்க ஆட்டக்காரர்' என்று நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொண்டு அப்புறம் சண்டை போடலாமே.

யானைமுனை:
எந்த 2000 ஆனாலும் 2000 தவறு.

குதிரைப்பாய்ச்சல்:
எந்த 2000 ஆனாலும் 2000 சரி. நான் டாக்டிக்ஸ் மட்டும் போட்டே ஃபீடேயில் 1760 வந்திருக்கிறேன். என்ட்கேம் புத்தகம் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

யானைமுனை:
1760 எப்போது வந்தது? 2024 மார்ச்சில் ஃபீடே, 2000க்குக் கீழே இருந்தவர்களுக்கெல்லாம் ஒரு தடவை ரேட்டிங்கை ஏற்றிக் கொடுத்தது. 2000க்கு எவ்வளவு குறைவாக இருக்கிறோமோ அதில் நூற்றுக்கு நாற்பது கூட்டினார்கள். அதற்கு முந்தைய மாதம் நீங்கள் 1600 என்று இங்கேயே எழுதியிருக்கிறீர்கள், எனக்கு நினைவிருக்கிறது. 400 குறைவு, அதில் நாற்பது விழுக்காடு 160. கூட்டினால் சரியாக 1760. ஒரு புள்ளிகூட நீங்கள் ஆடிச் சேர்க்கவில்லை.

குதிரைப்பாய்ச்சல்:
என் ரேட்டிங்கை நோண்டிப் பார்க்கிற நேரத்தில் நாலு கணக்கு போட்டிருந்தால் உங்கள் ஆட்டமாவது தேறியிருக்கும். அந்த ஏற்றம் எனக்கு மட்டுமா கிடைத்தது? உங்களுக்கும்தானே கிடைத்தது? உங்கள் பழைய ரேட்டிங்கையும் சொல்லுங்கள் பார்ப்போம்.

யானைமுனை:
பேச்சு என் ரேட்டிங்கைப் பற்றியதல்ல. புத்தகத்தைப் பற்றியது.

வெள்ளைக்கட்டம்:
புத்தகம் என்றதும் எனக்கும் ஒரு பழைய கணக்கு தீர்க்க வேண்டியிருக்கிறது. போன வருடம் இதே யானைமுனை அண்ணன் பேச்சைக் கேட்டுத்தான் த்வொரெட்ஸ்கியின் என்ட்கேம் மேனுவல் வாங்கினேன். முதல் அத்தியாயம் வெறும் சிப்பாய்களும் ராஜாக்களும்தானே என்று உட்கார்ந்தேன். தொடர்புக் கட்டங்கள் என்று ஒன்று வந்தது, அத்தோடு மூடி வைத்தேன். இன்னும் அதைத் தாண்டவில்லை. படிக்கிறவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று கேட்காமலே புத்தகம் சொல்வது உங்கள் வழக்கம்.

யானைமுனை:
நீல எழுத்தில் அச்சிட்டிருப்பதை மட்டும் படி, மற்றதைத் தாண்டிப் போ என்று சொன்னேனா இல்லையா? கட்டாயம் தெரிய வேண்டியவற்றைத்தான் அவர் நீலத்தில் பிரித்து வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் விழுங்கப் பார்த்துவிட்டு என்னைக் குறை சொன்னால் எப்படி?

சரி, புதுச்சிப்பாய்க்காக ஒன்று சொல்கிறேன், கூடவே மற்றவர்களும் கேளுங்கள். வெள்ளை ராஜா இ5 கட்டத்தில், சிப்பாய் இ4 கட்டத்தில். கறுப்பு ராஜா இ7 கட்டத்தில். பலகையில் வேறு எதுவும் இல்லை. கறுப்பு நகர்த்த வேண்டுமானால் வெள்ளை ஜெயிக்கும். வெள்ளை நகர்த்த வேண்டுமானால் டிரா. ஒரே நிலை, முறை மட்டும் மாறுகிறது, அரைப் புள்ளி போய்விடுகிறது. இதில் ஃபோர்க் எங்கே? மேட் எங்கே? 5334 கணக்கும் போட்டவன் இங்கே ராஜாவை எங்கே வைப்பான்? இதைத் தெரிந்துகொள்ள 2000 வரை காத்திருக்க வேண்டுமா? லூசேனா 1497லேயே யானை என்ட்கேமில் பாலம் கட்டும் முறையை, அதாவது யானையால் ராஜாவை செக்கிலிருந்து மறைத்துச் சிப்பாயை ராணியாக்கும் வழியை, புத்தகத்தில் எழுதிவிட்டார். ஐந்நூறு வருடமாக எல்லாரும் படிக்கிறார்கள், நமக்கு மட்டும் 2000 ஆக வேண்டுமாம்.

பழையபலகை:
இங்கே திருத்த வேண்டியிருக்கிறது. லூசேனாவின் 1497 புத்தகத்தில் 'லூசேனா நிலை' எனப்படும் அந்தப் பாலம் கட்டும் நிலை இல்லவே இல்லை. 1634இல் சால்வியோ எழுதிய புத்தகத்தில்தான் முதன்முதலாகக் கிடைக்கிறது. பெயர் மட்டும் தவறாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

குதிரைப்பாய்ச்சல்:
பார்த்தீர்களா! என்ட்கேமுக்கே உயிரை விடுகிறவருக்கு லூசேனா நிலை எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. இவர் சொல்லும் புத்தகத்தை நம்பி வாங்க வேண்டுமாம்.

யானைமுனை:
உலகம் முழுக்க அதற்கு லூசேனா நிலை என்றுதானே பெயர்? 1497 ஆனாலும் 1634 ஆனாலும் 2000 ரேட்டிங்குக்கு முன்னாலேயே படிக்க வேண்டிய நிலை அது. அதற்குப் பதில் சொல்லாமல் ஆண்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

பழையபலகை:
ஆண்டைக் கொண்டுவந்தது நீங்கள்.

யானைமுனை:
ஆண்டு முக்கியமில்லை.

புதுச்சிப்பாய்:
எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கேட்டது நான்தான். யானைமுனை ஐயா சொன்ன இ5, இ4, இ7 நிலையைப் பலகையில் வைத்துப் பார்த்தேன். வெள்ளை முதலில் நகர்ந்தால் ஏன் டிரா என்று அரை மணி நேரம் கழித்துப் புரிந்தது. இதைப் புத்தகத்தைத் திறந்துவைத்துப் பலகையில் காய் நகர்த்திப் பழகலாமா, இல்லை திரையில் எஞ்சின் (நல்ல நகர்வைச் சொல்லும் கணினி நிரல்) போட்டுப் பார்ப்பதே போதுமா?

வெள்ளைக்கட்டம்:
திரை போதும். ஓப்பனிங் மரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் விரித்துப் பார்க்கலாம்.

பழையபலகை:
பலகைதான். எஞ்சின் பதிலை உடனே காட்டிவிடும், பிறகு யோசிக்க என்ன மிச்சம் இருக்கும்? குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனவர். அவரே வளரும் காலத்தில் பல வருடம் எஞ்சினைத் தொடாமல்தான் பயிற்சி எடுத்தார். காயைக் கையால் நகர்த்தி, பதிலை மறைத்து வைத்து, உங்கள் விடையை எழுதிவிட்டு அப்புறம் புத்தகத்தைப் பாருங்கள்.

குதிரைப்பாய்ச்சல்:
எஞ்சின் வேண்டாம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் எஞ்சின் இல்லாமல் எதைப் போட்டுக்கொண்டிருந்தார்? கணக்கு. மணிக்கணக்காகக் கணக்கு. அதாவது டாக்டிக்ஸ்.

யானைமுனை:
அவர் என்ட்கேம் படிக்கவில்லை என்று உங்களிடம் வந்து சொன்னாரா? இல்லாததை இழுத்து வராதீர்கள். புதுச்சிப்பாய் அரை மணி நேரத்தில் ஒரு என்ட்கேமைப் புரிந்துகொண்டார், கண் முன்னால் நடந்திருக்கிறது. அவர் ரேட்டிங் 2000ஆ?

குதிரைப்பாய்ச்சல்:
புரிவது வேறு, தேவைப்படுவது வேறு. அவருடைய கடைசி இருபது ஆட்டங்களைப் போடச் சொல்லுங்கள். எத்தனை காய் பறிகொடுத்து முடிந்தன, எத்தனை ராஜா சிப்பாய் என்ட்கேமில் முடிந்தன என்று எண்ணிவிடுவோம்.

புதுச்சிப்பாய்:
போடுகிறேன் ஐயா. பெரும்பாலும் காய் பறிகொடுத்துத்தான் தோற்கிறேன். ஆனால் போன வாரம் ஒரு ஆட்டத்தில் யானையும் சிப்பாயும் கூடுதலாக இருந்தும் டிரா ஆகிவிட்டது.

யானைமுனை:
இதோ! இதைத்தான் முதல் வரியிலேயே சொன்னேன்.

குதிரைப்பாய்ச்சல்:
"பெரும்பாலும் காய் பறிகொடுத்து" என்பதைப் படித்தீர்களா? அதைத்தான் நானும் முதல் வரியிலேயே சொன்னேன். யானை கூடுதலாக இருந்து டிரா ஆனால் அது என்ட்கேம் குறையே இல்லை. எங்கேயோ ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே எதிராளிக்கு நகர வழியில்லாமல் போய் டிரா ஆவது) பார்க்கவில்லை, அல்லது யானையையே பறிகொடுத்திருக்கிறார். டாக்டிக்ஸ்.

யானைமுனை:
யானையையும் ராஜாவையும் வைத்து மேட் போடத் தெரியவில்லை. கப்பாபிளாங்கா புத்தகத்தின் முதல் பாடம். இரண்டாவதுகூட இல்லை.

குதிரைப்பாய்ச்சல்:
அந்த ஆட்டத்தை இன்னும் அவர் போடவேயில்லை. பார்க்காமலே தீர்ப்பா?

யானைமுனை:
நீங்கள் மட்டும் பார்த்துவிட்டா ஸ்டேல்மேட் என்றீர்கள்? புதுச்சிப்பாய், அந்த ஆட்டத்தை முழுதாகப் போடுங்கள், கடைசி இருபது நகர்வு எனக்கு முக்கியம். அதுவரை 2000 என்ற பேச்சை யாரும் எடுக்க வேண்டாம்.

குதிரைப்பாய்ச்சல்:
2000 வரை டாக்டிக்ஸ். ஆட்டம் வரட்டும்.